கறிவேப்பிலைச் செடிய புழு திங்கட்டும், விடுங்க: மொட்டமாடியில வண்ணத்துப்பூச்சி வளர்க்குற கதை

கறிவேப்பிலை இலை மேல குருவி எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஒன்னு ஒட்டிக்கிட்டு இருந்தா குச்சிய வச்சு தட்டி விட்றாதீங்க. கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, எச்சம் நகரும். அது எலுமிச்சை அழகிங்குற வண்ணத்துப்பூச்சியோட புழு, இல்லன்னா கறிவேப்பிலை அழகிங்குற வண்ணத்துப்பூச்சியோட புழு. ரெண்டுமே சின்ன வயசுல எச்சம் மாதிரி வேஷம் போட்டுத்தான் குருவிகிட்ட இருந்து தப்பிக்குதுங்க. இது தெரியாம எங்க வீட்டுல எத்தன வருஷம் நசுக்கி போட்டோம்னு கணக்கே இல்ல, அப்பத்தா ரசத்துக்கு இலை உருவ போகும்போதே கையில பழைய செருப்போடதான் மாடி ஏறும்.

நான் இருக்குறது மதுரையில நாகமலை பக்கம். பெரிய தோட்டமெல்லாம் கெடையாது, மொட்டமாடியில பதினஞ்சு தொட்டி, அதுல பாதி பழைய பெயிண்ட் வாளி. வீட்டுக்கு பின்னாடி காலி மனையில தானா முளைச்ச எருக்கு நாலஞ்சு. இவ்வளவுதான். இத வச்சே ஒரு மழை சீசன்ல நாப்பது அம்பது பூச்சி பறக்க விடலாம், அதுக்கு என்ன செய்யணும், எங்கெல்லாம் நான் சொதப்புனேன்னு சொல்றேன்.

வண்ணத்துப்பூச்சி தோட்டம்னதும் எல்லாரும் நர்சரிக்கு போயி பூச்செடியா அள்ளிட்டு வர்றாங்க. பூ இருந்தா பூச்சி வரும், தேன் குடிக்கும், போயிரும். அது தங்கணும்னா முட்டை போட எடம் வேணும், முட்டை போட்டா புழு வரும், புழு வந்தா இலைய திங்கும், நீங்க ஆசையா தண்ணி ஊத்துன செடி மொட்டையா நிக்கும். அதப் பாத்து வயிறு எரியாம இருக்க முடியும்னா இதுல எறங்குங்க. பூ அப்புறம், இலைதான் முதல்ல. அதுவும் எந்த இலையா இருந்தாலும் சரின்னு கெடையாது, ஒவ்வொரு இனமும் தனக்குன்னு சில செடிங்க மட்டும்தான் வச்சிருக்கும், வேற இலைய போட்டா புழு பட்டினி கெடந்து சாகுமே தவிர வாய வைக்காது.

இன்னொன்னு, நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் மல்லிதான் முதல்ல வைப்பாங்க. மதுரை மல்லி 2013ல புவிசார் குறியீடு வாங்குன பூ, அதுல எனக்கும் பெருமைதான், ஆனா மல்லி சாயங்காலத்துக்கு மேல விரிஞ்சு மணக்குறது ராத்திரி சுத்துற அந்துப்பூச்சிக்கு வச்ச கடை. பகல்ல பறக்குற வண்ணத்துப்பூச்சிக்கு அதுல பெருசா வேலை இல்ல.

சரி, என்ன செடி வைக்கலாம்? கறிவேப்பிலையும் எலுமிச்சையும்தான் ஆரம்பத்துக்கு நல்லது. நாரத்தை, வில்வம் இருந்தாலும் எலுமிச்சை அழகி முட்டை போடும். அடுத்தது எருக்கு. வீட்டுல எருக்கு வைக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க, அதனாலதான் நான் காலி மனையில முளைச்சத வெட்டாம விட்டுட்டேன், யாருக்கும் சங்கடம் இல்ல. எருக்குல வர்றது வெந்தய வரியன், வெந்தயக் கலர்ல றெக்க, ஓரத்துல கருப்பு, அதுல வெள்ளப் புள்ளி, நம்ம ஊர்ல ரோட்டோரம் எங்க பாத்தாலும் இருக்கும். அதோட புழுவ பாத்தா விட மாட்டீங்க, கருப்பு வெள்ளை மஞ்சள்னு வரிவரியா இருக்கும், முதுகுல மூணு ஜோடி கருப்பு மீசை வேற.

அரளி வீட்டுல இருந்தா வெண்புள்ளிக் கருப்பன் வரும். அதோட கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரம் தேச்சு வச்ச மாதிரி பளபளன்னு தொங்கும், முதல்ல பாத்தப்போ யாரோ ஜிமிக்கிய மாட்டிட்டு போயிட்டாங்கன்னு நெனச்சேன். ஆவாரஞ்செடியில வெளிர் பச்ச கலந்த வெள்ளைப் பூச்சி முட்டை போடும், சரக்கொன்றையில அதோட சொந்தக்காரி. ஆமணக்குல ஒன்னு, நெட்டிலிங்க மரத்துல பச்சப் புள்ளி போட்டு ஒரு நிமிஷம் நிக்காம பறக்குறது ஒன்னு. கரிசக்காட்டுல தரையோட படர்ற ஆடுதீண்டாப்பாளை கெடைச்சா கண்டிப்பா ஒரு தொட்டியில போடுங்க, ஆடு கூட வாய் வைக்காத அந்தக் கசப்பு இலையதான் ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் தேடிக்கிட்டு வரும். தொட்டியில தானா முளைக்குற பருப்புக்கீரையயும் பிடுங்கிப் போடாதீங்க, அதுக்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன்.

தமிழ்நாட்டோட மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன், 2019ல அறிவிச்சாங்க. அத வரவைக்க என்ன செடி வைக்கணும்னு நெறைய பேர் கேக்குறாங்க. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல இருக்குறது, நம்ம மொட்டமாடிக்கு வராது, ஆசைய விட்ருங்க.

தேனுக்கு இட்லிப்பூ நல்லது. சீமை நாயுருவி ரொம்ப நல்லது. ரோட்டோரம் கெடக்குற தாத்தாப்பூவும் தும்பையும் ஓரமா இருந்தாலே சின்ன பூச்சிங்க எல்லாம் வந்துரும், காசு செலவே இல்ல. தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் வச்சா வரியன்களும் கருப்பன்களும், அதுலயும் ஆம்பளைங்கதான் அதிகமா, கூட்டமா வந்து காஞ்ச தண்டுலயும் வாடுன இலையிலயும் உக்காந்து உறிஞ்சிக்கிட்டு இருக்கும், பொண்ண மயக்க வாசனை தயார் பண்ண அதுல இருக்குற ஒரு சரக்கு வேணுமாம் அதுங்களுக்கு. உன்னிச்செடி மட்டும் வைக்காதீங்க. பூச்சி நல்லாத்தான் வரும், ஆனா அது வெளிநாட்டுச் செடி, குருவி பழத்த தின்னுட்டு போயி மலையெல்லாம் வெதைச்சுரும், சிறுமலை பக்கம் போனவங்களுக்கு தெரியும். அப்புறம் ஒரு பழைய தட்டுல மணல் போட்டு துளி உப்பு தூவி ஈரமா வச்சிருங்க, ஆம்பளப் பூச்சிங்களுக்கு உப்பு தேவை, ஈர மண்ணுல உக்காந்து உறிஞ்சும். தொட்டிங்க காலை வெயில் படுற எடத்துல இருக்கணும். வெயில்ல றெக்கய காயவச்சு உடம்ப சூடேத்துனாதான் அதுங்களால பறக்கவே முடியும்.

எப்ப ஆரம்பிக்கலாம்னா ஐப்பசியில. மழை விழுந்து பத்து நாள்ல எல்லா செடியும் துளிர் விடும், துளிர் விட்டாத்தான் முட்டை, அப்புறம் தை வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்கும். சித்திரை வெயில்ல ஆரம்பிச்சு ஒன்னும் வரலன்னு ஒருத்தர் விட்டுட்டாரு, அந்த வெயிலுக்கு மனுஷனே வெளிய வர்றதில்ல.

இப்ப நர்சரி சமாச்சாரம். முதல் வருஷம் ஒரு நர்சரியில எலுமிச்சைக் கன்னு வாங்கிட்டு வந்து மறுநாளே அதுல பதினோரு புழுவ ஏத்தி விட்டேன். ரெண்டே நாள், எல்லாம் பச்சையா கக்கி சுருண்டு செத்துருச்சு. விக்குறதுக்கு முன்னாடி மருந்து அடிச்சிருக்காங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல, இலையில ஓட்டை இருந்தா நாமளே வாங்க மாட்டோமே. அதனால புதுசா வாங்குன செடிய ஒரு மாசத்துக்கு மேல தனியா வச்சு நல்லா தண்ணி அடிச்சு கழுவி, புதுத் துளிர் வந்த பெறகுதான் புழுவுக்கு. மார்க்கெட்டுல வாங்குற கறிவேப்பிலைய அவசரத்துக்கு கூட போடாதீங்க, அதுவும் அதே கததான். வேப்பெண்ணெய் இயற்கைதானன்னு அடிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை, இயற்கையா இருந்தாலும் அது புழுவுக்கு எமன், அது வேலை செய்யறதே அப்படித்தான். தெருவுல கொசுவுக்கு புகை அடிக்க வர்ற சத்தம் கேட்டா புழு வளர்க்குற டப்பாவ உள்ள தூக்கிட்டு போயிருங்க.

முட்டைய கண்டுபிடிக்கிறது எப்படின்னா பூச்சியோட நடத்தைய வச்சுத்தான். தேனுக்கு வந்தது பூவுல உக்காந்து நிக்கும். முட்டைக்கு வந்தது பூ பக்கமே போகாது, செடியச் சுத்தி தடுமாறுற மாதிரி பறந்து ஒவ்வொரு இலையா தொட்டு தொட்டு பாக்கும். முன்னங்காலால இலைய தட்டி ருசி பாக்குது, நமக்கு நாக்கு மாதிரி அதுக்கு கால். சரியான இலைன்னு பட்டா வயித்த வளைச்சு ஒரே ஒரு முட்டை, உடனே பறந்துரும். அது போனதும் போயி பாருங்க, எலுமிச்சை அழகியோடது உருண்டையா வெளிர் மஞ்சள்ல, கடுக விட சின்னதா, இளந்துளிர்ல இருக்கும். வெந்தய வரியனோடது வெள்ளையா கொஞ்சம் நீட்டமா, பெரும்பாலும் இலைக்கு அடியில.

செடியிலயே விட்டா என்னன்னு கேட்டா, தாராளமா விடலாம், ஆனா பல்லி, ஓணான், எறும்பு, குளவி, சிலந்தி, தையல்சிட்டு எல்லாருக்கும் அது சாப்பாடு, நூத்துல ஒன்னு ரெண்டு தேறுனா பெருசு. அதுக்காக எல்லா முட்டையயும் பொறுக்கிட்டு வந்துறவும் கூடாது. தையல்சிட்டு குஞ்சும் சாப்பிடணும்ல. நான் ஒரு தடவைக்கு நாலஞ்சுதான் எடுப்பேன், மிச்சம் அதுங்க பாடு.

எடுக்கும்போது முட்டைய நோண்டாதீங்க, இலையோட கிள்ளுங்க. சோன்பப்டி டப்பா மாதிரி மூடி உள்ள ஒரு டப்பா, அடியில டிஷ்யூ பேப்பர், மூடிக்கு பதிலா கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட். ரெண்டுல இருந்து நாலு நாள்ல பொரியும். பொரிஞ்சதும் புழு முதல்ல திங்கிறது தன்னோட முட்டை ஓட்டதான், அதனால ஓட்ட காணோம்னு பதறாதீங்க. முட்டை முழுசா கருகருன்னு மாறி அப்படியே கெடந்தா அதுக்குள்ள குட்டிக் குளவி முட்டை போட்டிருக்கும், அதுக்கு வைத்தியம் இல்ல.

புழு கொஞ்சம் வளர்ந்ததும் டப்பா பத்தாது. ஒரு கொத்து இலைய தண்ணி பாட்டில்ல சொருகி வைங்க, வாடாம ரெண்டு மூணு நாள் நிக்கும். பாட்டில் வாய்ல பஞ்ச அடைக்கணும், இத தயவுசெஞ்சு மறக்காதீங்க, நான் மறந்து ஒரே ராத்திரியில மூணு புழு தண்டு வழியா நடந்து எறங்கி தண்ணிக்குள்ள போயி மிதந்துச்சு. எறும்புக்கு மேஜை கால் நாலையும் கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்தி அதுல நிறுத்துங்க, நம்ம பாட்டிங்க வெல்லப் பானைக்கு செஞ்ச அதே வழிதான். தெனமும் காலையில டிஷ்யூவ மாத்தி புழுக்கைய தட்டிருங்க, சோம்பேறித்தனப்பட்டா பூசணம் புடிச்சு ஒரு புழுவுக்கு வந்த சீக்கு எல்லாத்துக்கும் வரும். கையால தூக்காதீங்க, அது உக்காந்திருக்க இலையோட மாத்துங்க, முடியலன்னா பெயிண்ட் பிரஷ்.

நடுவுல ஒரு நாள் திங்காம அசையாம தலைய தூக்கிட்டு இருக்கும். செத்துருச்சோன்னு கிண்டாதீங்க, சட்டை உரிக்கப் போகுது. மொத்தம் நாலு தடவ உரிச்சு அஞ்சாவது சட்டையில எலுமிச்சை அழகி புழு எச்ச வேஷத்த விட்டுட்டு பச்சப் பசேல்னு ஆயிரும், கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளம் வரும், அப்ப அது திங்கிற வேகத்துக்கு இலை பறிச்சு மாளாது, ராத்திரி அமைதியா இருந்தா மெல்லுற சத்தமே கேக்கும். தொந்தரவு பண்ணுனா தலைக்கு பின்னாடி இருந்து ஆரஞ்சு கலர்ல கவட்டை மாதிரி ஒரு கொம்ப நீட்டும், கூடவே அழுகுன பழ நாத்தம். பிள்ளைங்களுக்கு இத விட பெரிய வேடிக்கை இல்ல, ஆனா சும்மா சும்மா சீண்ட விடாதீங்க.

பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு ரெண்டு விஷயம். எல்லா புழுவும் தொடலாம்னு நெனச்சுறாதீங்க, முருங்கை மரத்துல அடை அடையா அப்பியிருக்குற கம்பளிப்பூச்சி அந்துப்பூச்சி இனம், அதோட முடி பட்டா தடிச்சு அரிச்சு ரெண்டு நாளைக்கு பாடாப் படுத்தும். அடுத்தது எருக்கம்பால். அது கண்ணுல பட்டா ஆபத்து, விளையாட்டு கெடையாது, பட்டுட்டா நல்லா தண்ணி விட்டு கழுவிட்டு உடனே கண் டாக்டர்கிட்ட போயிரணும். எருக்கு இலைய பெரியவங்கதான் கிள்ளணும், கிள்ளுன கையோட சோப்பு போட்டு கழுவணும். அரளியும் விஷம்தான்.

ரெண்டு வாரம் போல தின்னு முடிச்சதும் ஒரு நாள் தண்ணியா வயித்தால போகும், அப்புறம் டப்பா முழுக்க அங்குட்டும் இங்குட்டும் அலையும். சீக்கு இல்ல, கூடு கட்ட எடம் தேடுது. சாய்வா ரெண்டு குச்சி வைங்க. எலுமிச்சை அழகி குச்சியில நிமிந்து உக்காந்து இடுப்புக்கு ஒரு நூல் பெல்ட் கட்டிக்கும், தென்னை மரம் ஏறுறவங்க கயித்தப் போட்டு சாஞ்சு நிப்பாங்கல்ல அதே மாதிரி. வெந்தய வரியன் தலைகீழா தொங்கும். பச்சத் தண்டுல கட்டுனா பச்சக் கூடு, காஞ்ச குச்சியில கட்டுனா மரக்கலர் கூடு, பெரும்பாலும் அப்படித்தான் வரும். தொங்குறது தவறி விழுந்துட்டா அதோட காம்பு முனையில மெதுவா நூல கட்டி தொங்க விட்ருங்க, பொழச்சுக்கும்.

அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் எதுவும் செய்ய வேணாம். மார்கழி குளிர்ல இன்னும் கொஞ்சம் கூட ஆகும். கூட்டுல ஊசி ஓட்டையா இருந்தாலோ, உள்ள இருந்து வெள்ளப் புழு எறங்கி வந்தாலோ அது குளவி, இல்லன்னா ஒருவகை ஈயோட வேலை. முதல் தடவ அதப் பாத்தப்போ எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல, மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு, உள்ள இருந்து நூத்துக்கு மேல குட்டிக் குளவி வந்துச்சு.

கூடு கண்ணாடி மாதிரி ஆகி உள்ள றெக்கைக் கலர் தெரிஞ்சா மறுநாள் காலையில வெளிய வந்துரும். காபிய அங்கயே எடுத்துட்டு போயிருங்க, கண் மூடி தெறக்குறதுக்குள்ள முடிஞ்சுரும். வரும்போது றெக்க கசங்குன ஈரத்துணி மாதிரி இருக்கும், தொங்கிக்கிட்டே உடம்புல இருக்குற நீர றெக்கைக்கு பம்ப் பண்ணி விரிக்கும், அதனால சுத்தி எடம் இருக்கணும், இடிச்சா றெக்க கோணலாயி அப்புறம் சரியே ஆகாது. பறக்க உதவி பண்றேன்னு கூட்ட பிச்சு விட்றவங்களும் இருக்காங்க, அது உதவி இல்ல. கீழ செவப்பா சொட்டும், ரத்தம் இல்ல, கூட்டுக்குள்ள சேந்த கழிவு. அதோட வாயையும் பாருங்க, உறிஞ்சுற குழல் ரெண்டு பாதியா பிரிஞ்சு இருக்கும், சுருட்டி நீட்டி சுருட்டி நீட்டி ஜிப் போடுற மாதிரி ஒன்னா சேத்துக்கும். ரெண்டு மணி நேரம் காயட்டும், வெயில் வந்ததும் தொட்டி பக்கத்துல வலைய தெறந்து விட்ருங்க. மழையா இருந்தா ஒரு நாள் வச்சிருக்கலாம், தப்பில்ல.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, எந்த இலை, முட்டை எப்ப, சட்டை எப்ப, கூடு எப்ப. ஃபோன் கேமராவே போதும், ஒரு சின்ன மேக்ரோ லென்ஸ் மாட்டுனா முட்டை மேல இருக்குற கோடு கூட தெரியும். காலை ஒன்பதுல இருந்து பதினொன்னு வரைக்கும்தான் நல்ல நேரம். உங்க நிழல் அது மேல விழாம பக்கவாட்டுல போங்க.

பாக்கப் பாக்கத்தான் கண்ணு பழகும். வெந்தய வரியன் பின்றெக்க நடுவுல மூணு கருப்புப் புள்ளின்னா பொண்ணு, நாலு இருந்தா ஆணு. அது ஏன் அவ்வளவு சாவகாசமா பறக்குதுன்னா உடம்புல எருக்கு சாதிச் செடியோட கசப்பு இருக்கு, தின்ன குருவி திரும்ப தொடாது. பருப்புக்கீரை கத இங்கதான் வருது. அதுல முட்டை போடுற ஒரு பூச்சியோட பொண்ணு அச்சு அசல் வெந்தய வரியன் மாதிரியே இருக்கும், கசப்பே இல்லாம அந்தச் சட்டைய மட்டும் போட்டுக்கிட்டு பொழைக்குது. பின்றெக்கயில மேல ஓரத்துல ஒத்தப் புள்ளிதான்னா அந்த வேஷக்காரிதான். அதோட ஆம்பள கருப்பு, பெரிய வெள்ளப் பொட்டு, சுத்தி நீலம், ஜோடின்னு சொன்னா நம்ப மாட்டீங்க. கறிவேப்பிலை அழகியிலயும் இப்படித்தான், பொண்ணுங்கள்ல ஒரு கூட்டம் ரோஜா அழகி வேஷம், ஒரு கூட்டம் சிவப்புடல் அழகி வேஷம். உடம்பு செவப்பா இருந்தா நெசம், கருப்பா இருந்தா வேஷம்.

மாடியில பாத்து பழகுனதும் ஒரு காலையில அழகர்கோவில்ல இருந்து பழமுதிர்ச்சோலைக்கு ஏறுற ரோட்டுல நடந்து போங்க, இல்ல 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச அரிட்டாபட்டிக்கு போங்க. பாக்க மட்டும். மலையில இருந்து முட்டையோ புழுவோ செடியோ எடுத்துட்டு வராதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கு, அது ஒரு பக்கம், நம்ம செடிக்கு வர்றதே போதும். வலை போட்ட பெரிய தோட்டம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஸ்ரீரங்கம் பக்கத்துல 2015ல தெறந்த வண்ணத்துப்பூச்சி பூங்கா இருக்கு, பிள்ளைங்கள கூட்டிட்டு ஒரு நாள்ல போயிட்டு வந்துறலாம்.

மொட்டையான செடிய என்ன செய்யறதுன்னு கேப்பீங்க. கறிவேப்பிலைன்னா நுனிய ஒரு சாண் கவாத்து பண்ணி, புளிச்ச மோர்ல தண்ணி கலந்து வேர்ல ஊத்துங்க, மூணு வாரத்துல பக்கத்துக்கு பக்கம் துளிர் அடிக்கும். எங்க அப்பத்தாவுக்கு சமாதானத்துக்கு இன்னொரு செடி வாங்கி சமையக்கட்டு ஜன்னல் பக்கம் வலை போட்டு வச்சுட்டேன், அதுல புழு ஏறாது, மாடியில இருக்குறதுல அப்பத்தா கை வைக்காது, அப்படித்தான் ஒப்பந்தம். போன வாரம் என்னன்னா கீழ் செடியில வலைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்த ஒரே ஒரு துளிர்ல முட்டை இருந்துருக்கு, "ஏய், வந்து எடுத்துட்டு போ, இல்ல தாளிச்சுருவேன்"னு கீழ இருந்து சத்தம் போடுது.